கன்னத்தில் ஒதுக்கிய பாதாம்

ஒரு பானைப் பாயசத்தில் ஒரே ஒரு முழுப் பாதாம். அது யார் வாய்க்கு வருகிறதோ அவர் அதைக் கடிக்கக் கூடாது, கிடைத்தது என்று சொல்லவும் கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்கள் கடைசிக் கரண்டி வரைக்கும் தேடித் தேடித் தின்று முடிக்கிற வரை, ஒன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் எடுத்துக் காட்டினால் அவருக்குப் பரிசு. கிர்ஸ்டன் அம்மாள் பிறந்த டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இதுதான் வழக்கமாம். கடலூரில் வியாழக்கிழமைதோறும் கூடித் தைக்கிற பெண்களுக்கும் அவர் இதைப் பழக்கிவிட்டிருந்தார்.

சவரியம்மாளுக்குப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாதாம் கிடைத்ததில்லை. இந்தத் தடவையும் கிடைக்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் அவள் சிதம்பரத்துக்குக் கிளம்பினாள்.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஐந்தாறு பேருக்கு மேல் இருந்ததில்லை. கணவனின் வேலையை ஒட்டி வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், வந்த இடத்திலேயே தங்கிப்போனவர்கள். ஜெர்மனி, கொரியா, போலந்து என்று எங்கிருந்தோ வந்து இரண்டு வருஷமோ நாலு வருஷமோ இருந்துவிட்டுப் போவார்கள். மஞ்சக்குப்பத்தில் கிர்ஸ்டன் அம்மாள் வீட்டு முன்னறையில் மூன்று மணிக்கு ஊசியும் நூலுமாக உட்காருவார்கள். உள்ளூர்க்காரி சவரியம்மாள் ஒருத்திதான். ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். சட்டை ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்த கிர்ஸ்டன் அம்மாள், அவள் வெட்டுத்துணிகளை ஒட்டித் தைத்துவைத்திருந்த தலையணை உறையைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். அன்றைக்குப் போனவள்தான்.

ஊர் திரும்புகிறவருக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொருத்தியும் தான் உடுத்திப் பழசான துணியில் சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவருவாள். நட்டநடுச் சதுரம் மட்டும் போகிறவருடைய சொந்தத் துணியாக இருக்க வேண்டும். அதைக் கடைசி விருந்தன்று எல்லோரும் ஆளுக்கு நாலு தையல் போட்டுச் சேர்ப்பார்கள். இப்படி ஒன்பது போர்வைகள் கடல் கடந்து போயிருந்தன. பத்தாவது, கிர்ஸ்டன் அம்மாளுக்கே.

நாற்பத்திரண்டு வருஷம் கடலூரில் இருந்துவிட்டார். அவர் கணவர் ஓலே துறைமுகத்தில் மீனவர்களுக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். அவர் இறந்து இங்கேயே கல்லறையில் அடங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. அப்போதுகூடக் கிர்ஸ்டன் அம்மாள் போகவில்லை. போன ஐப்பசி மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனது. கண்ணும் முன்போல் இல்லை. இனித் தனியாக விட முடியாது என்று தங்கை மகன் டிக்கெட் போட்டுவிட்டான்.

டிசம்பர் முதல் வியாழனன்று, நடுச் சதுரத்துக்கு என்ன துணி என்று பேச்சு வந்தது. கிர்ஸ்டன் அம்மாள் யோசிக்கவே இல்லை. ஓலேயின் கைலி என்றார். குறிஞ்சிப்பாடியில் வாங்கியது, பச்சைக் கட்டம், ஓரத்தில் மஞ்சள் கோடு. சாயங்காலமானால் ஓலே அதைக் கட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடப்பார். அவர் அதை மடித்துக் கட்டுகிற அழகைப் பார்த்து மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"தானே புயல்ல பீரோவுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. அப்ப வெள்ளைத் துண்டுல சுத்தி, இந்தப் பெட்டி அடியில வெச்சேன்" என்று அவர் மரப்பெட்டியைக் காட்டினார்.

கூட்டத்துக்கான பழந்துணியெல்லாம் கிடக்கிற தேக்குப் பெட்டி அது. அடி வரைக்கும் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். கைலி இல்லை.

சவரியம்மாளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கொரோனா ஊரடங்கின்போது கிர்ஸ்டன் அம்மாள் வெளியே வரக் கூடாத வயசு என்பதால், பெட்டியை ஆட்டோவில் ஏற்றி அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருக்கிறதையெல்லாம் வெட்டு என்று போனில் சொல்லியிருந்தார். மாஸ்க் தைக்கத் துணி கிடைக்காத நாட்கள் அவை. அடியில் ஒரு வெள்ளைத் துண்டும், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பச்சைக் கைலியும் கிடந்தன. எந்த வீட்டிலும் பழைய கைலிக்கு முடிவு ஒன்றுதான்: கரித்துணியாகும், இல்லாவிட்டால் தரை துடைக்கப் போகும். இதாவது ஏழைகள் முகத்துக்குப் போகட்டும் என்று நினைத்து அவள் கத்தரித்தாள். முப்பத்திரண்டு மாஸ்க் வந்தது. துண்டை உள்துணியாக்கினாள். அதையெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும் மீன் மார்க்கெட்டிலும் கொடுத்துவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கிர்ஸ்டன் அம்மாள் கையை நீட்டிப் பெட்டியின் வெறும் அடியைத் தடவிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு எதையோ சொல்லிவிட்டது.

"வேற எங்கனா இருக்கும்மா. தேடிப் பாக்கலாம்."

முழுப் பொய்கூட இல்லை அது, பாதிப் பொய். ஆனால் அதைத் திருப்பி எடுக்க ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டமாகிக்கொண்டே போனது. கிர்ஸ்டன் அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பீரோவைக் காலி செய்து தேடினார். மெத்தைக்கடியில் தேடினார். பக்கத்தில் நின்று சவரியம்மாளும் தேடுவதுபோல் தேடினாள். மூன்றாவது வாரம் ஒருநாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்:

"பெட்டியில வெச்சேன்னு எனக்கு அப்படியே கண்ணு முன்னால தெரியுது, சவரி. ஆனா இல்ல. தங்கச்சி மகன்கிட்ட சொன்னேன். வயசானா அப்படித்தான், போனதும் டாக்டரப் பாக்கலாம்கறான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என் பேரே தெரியல அவங்களுக்கு."

அன்றிலிருந்து அவர் கைலியைத் தேடுவதை விட்டுவிட்டார். சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதி ஒட்ட ஆரம்பித்தார். சாவி இங்கே, மாத்திரை இங்கே, கேஸ் அடைத்தாயா என்று.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சவரியம்மாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு இதைச் சொன்னாள். கடவுளிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. பங்குத்தந்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆண்டவர் மன்னிப்பார், ஆனால் தேடிக்கொண்டிருப்பது ஆண்டவர் இல்லையே அம்மா என்றார்.

அப்புறம்தான் அவள் ஊரெல்லாம் அலைந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்த மாஸ்க்கை யார் வைத்திருப்பார்கள்? மீன் மார்க்கெட்டில் சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற கோவிந்தசாமி தலையைச் சொறிந்தார். கடைசியில் நகராட்சித் துப்புரவுப் பணியாளர் செல்லாயியிடம் இருந்தது. இரண்டு மாஸ்க்கைப் பிரித்து ஒட்டித் தைத்து, சுருக்குக் கயிறு போட்டு, சர்க்கரை மாத்திரை வைக்கிற பையாக்கி இடுப்பில் செருகியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு பையை நீட்டினாள்.

"எடுத்துக்கினு போ. எனக்கு ஒரு கவர் போதும். அந்தத் துணி மூஞ்சில இருந்தா ஒரு தகிரியமா இருக்கும், அதான் தூக்கிப் போட மனசு வரல."

*

திருவாதிரை அன்று கடைசி விருந்து. யூமி என்ற ஜப்பான்காரப் பெண் பரதம் கற்றுக்கொள்ள வந்து சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தாள். விருந்து அவள் வீட்டில்தான். அவளும் மாசியில் கிளம்புகிறாள். நான்காவது ஆள் ஓல்கா, ரஷ்யாக்காரி, இஞ்சினியர் பெண்டாட்டி. அவள் கணவனுக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆக, இதோடு கூட்டமே முடிகிறது. சாப்பிட்டுவிட்டு, கிர்ஸ்டன் அம்மாள் அங்கிருந்தே காரில் சென்னைக்குப் போவதாக ஏற்பாடு.

தரிசனத்துக்கு வந்த ஜனத்தில் நாலு வீதியும் அடைத்திருந்தன. டிரைவர் அருண்பாண்டியன் காரை வெளியே நிறுத்திவிட்டார். யாரோ கொடுத்த சக்கர நாற்காலியில் கிர்ஸ்டன் அம்மாளை உட்காரவைத்து, மடியில் பாயசப் பாத்திரத்தைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்காரம்மா தில்லையம்மாள் திருவாதிரைக் களியும் ஏழு காய் போட்ட குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தார். சவரியம்மாள் அதிரசமும் கேக்கும் கொண்டுவந்திருந்தாள். தரையில் பாய் விரித்து, நாற்காலியைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஓல்கா தமிழ் கற்றது மீன் மார்க்கெட்டில். களியில் குழம்பைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"இன்னாக்கா இது, வெல்லத்துக்குக் காரக் குழம்பா? எங்க ஊர்ல எங்க மாமியாருக்கு இதக் குடுத்தா என்ன டைவர்ஸ் பண்ணிடும்."

"உங்க வீட்டுக்காரருல்ல பண்ணணும்?" என்றாள் யூமி.

"அந்த ஆளுக்கு இன்னா தெரியும். எல்லாம் மாமியாதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சவரியம்மாளும் சிரித்தாள். அவள் கைப்பையில், ஜெபமாலைக்குப் பக்கத்தில், செல்லாயியின் மாத்திரைப் பை இருந்தது. கொடுப்பதற்கு இரண்டு வழி யோசித்துவைத்திருந்தாள். ஒன்று உண்மை. இன்னொன்று, பெட்டியைத் தட்டும்போது மூலையில் ஒரு துண்டு கிடைத்தது என்பது. இரண்டாவதுதான் அன்பானது என்று வழியெல்லாம் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

பாயசத்தைத் தன் கையாலேயே ஊற்றுவேன் என்று கிர்ஸ்டன் அம்மாள் பிடிவாதம் பிடித்தார். நாலு கிண்ணத்திலும் ஊற்றினார். சவரியம்மாளின் கிண்ணத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கரண்டியில் பல்லில் தட்டுப்பட்டது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலிக்கு அருகில் செய்தித்தாளில் சுற்றிய நீளப் பொட்டலம் இருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். கிர்ஸ்டன் அம்மாள் அதைச் சுற்றும்போது பார்த்திருந்தாள். ஓலேயைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கத்தரிக்கோல். பன்னிரண்டு வருஷமாக அதில் அவள் கை பழகியிருந்தது. ஊரடங்கில் பெட்டியோடு வந்த அதைக் கொண்டுதான் அந்தக் கைலியையும் வெட்டினாள். அதைப் பரிசாக எப்படி வாங்குவது?

பாதாமைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவள் பாயசத்தைக் குடித்தாள். ஓல்கா கிண்ணத்தை வழித்தாள். யூமி விரலால் அடியைத் துழாவிவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். இருவரும் சவரியம்மாளைப் பார்த்தார்கள். கடித்து விழுங்கிவிட்டால் போயிற்று. ஒரு பாதாம்தானே. சவரியம்மாள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

கிர்ஸ்டன் அம்மாளின் முகம் மாறியது. கரண்டியை எடுத்துப் பாத்திரத்தின் அடியைத் துழாவினார். ஒன்றும் இல்லை.

"போட்டேனே" என்றார். பிறகு யாரிடமும் இல்லாமல், "போட்டேன்னு நெனச்சேன். உரிச்சது ஞாபகம் இருக்கு. போடல போல இருக்கு" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கவுன் பையிலிருந்து சின்னக் காகிதக் கட்டையும் பேனாவையும் எடுத்தார். எதையோ எழுத ஆரம்பித்தார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சவரியம்மாளால் முடியவில்லை. பாதாமை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"போட்டீங்கம்மா. போட்டீங்க. எங்கிட்டதான் இருக்கு. நீங்க எதையும் மறக்கல. கைலியையும் பெட்டியிலதான் வெச்சீங்க. நான்தான் வெட்டிட்டேன்."

அதற்குமேல் நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஊரடங்கில் வந்த போன், வெள்ளைத் துண்டு, முப்பத்திரண்டு மாஸ்க், பஸ் ஸ்டாண்டு எல்லாம். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

ஓல்காதான் வாயைத் திறந்தாள். பெட்டியில் இருக்கிறதையெல்லாம் வெட்டு என்று போனில் சொன்னது நீதானே, அக்கா மேல் என்ன தப்பு என்று கிர்ஸ்டன் அம்மாளிடம் வழக்குப் பேசினாள். கிர்ஸ்டன் அம்மாள் அவளைக் கையமர்த்தினார்.

"வெட்டினத நான் கேக்கல. உனக்கு எப்பத் தெரியும், சவரி?"

"மொத நாளே தெரியும்மா."

"நான் பீரோவக் கவுத்துத் தேடும்போது பக்கத்துல நின்ன. எங்கம்மா கதையச் சொன்னப்பவும் பக்கத்துலதான் இருந்த."

"இருந்தேம்மா."

அந்த அம்மாள் அழவில்லை, திட்டவும் இல்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படித் திரும்பியதைச் சவரியம்மாள் பார்த்ததில்லை. ஒரு அறை வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நம்மை நேசிக்கிறவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து நாம் மறைப்பதெல்லாம் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அது அவளுக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

திரும்பாமலேயே கிர்ஸ்டன் அம்மாள் கேட்டார்: "யார் யார் போட்டுக்கிட்டாங்க?"

சவரியம்மாள் ஞாபகம் இருந்தவரை சொன்னாள். ராத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டின கோவிந்தசாமி. பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்கிற ராஜவேல். மீன்காரப் பெண்கள் எட்டுப் பேர். தெரு கூட்டினவர்கள். மீன்காரப் பெண்கள் என்றதும் அந்த அம்மாளின் தோள் லேசாக அசைந்தது.

"கேலி பண்ணுவாளுங்க அவர" என்றார். "அவர் கைலியவே கட்டிக்கிட்டாளுங்களா மூஞ்சில?"

அப்போதுதான் சவரியம்மாள் மாத்திரைப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். செல்லாயி கொடுத்ததைச் சொன்னாள். கிர்ஸ்டன் அம்மாள் பையை மூக்கருகே கொண்டுபோனார். கட்டத்தின் மேல் விரலை வைத்து மஞ்சள் கோடு வரைக்கும் தடவிப் பார்த்தார்.

"அவர் வாசனை இல்ல" என்றார். "சோப்பு வாசனைதான். மாத்திரை வாசனை." பிறகு, "செல்லாயி மாத்திரைய எதுல வெச்சிருக்கா இப்ப?" என்று கேட்டார்.

"கவர்லம்மா."

"நீ ஒண்ணு தெச்சுக் குடு அவளுக்கு. நல்ல துணியில."

டிரைவர் அருண்பாண்டியன் போன் செய்தார். தரிசனம் முடிந்து கூட்டம் வெளியே வர ஆரம்பித்தால் காரை நகர்த்த முடியாது, அரை மணியில் கிளம்ப வேண்டும் என்றார். யூமி போர்வையைக் கொண்டுவந்து கிர்ஸ்டன் அம்மாளின் முழங்கால்மேல் விரித்தாள். ஓல்காவின் பூப்போட்ட கவுன், யூமியின் நாட்டியப் பயிற்சிப் புடவை, சவரியம்மாளின் நீல வாயில் புடவை, முன்பே போனவர்கள் தபாலில் அனுப்பிய துண்டுகள். நடுவில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் ஓட்டை. அதன் வழியாக அவர் கவுன் தெரிந்தது.

கிர்ஸ்டன் அம்மாள் பொட்டலத்தை எடுத்துத் தானே காகிதத்தைக் கிழித்தார். கத்தரிக்கோலைப் பிடிப் பக்கம் திருப்பி, சவரியம்மாளிடம் நீட்டினார். அவள் கை முன்னால் வரவில்லை.

"பாதாம் உனக்குத்தான வந்துச்சு" என்றார் கிர்ஸ்டன் அம்மாள். குரலில் இன்னும் பழைய இளக்கம் வரவில்லை. "வாங்கு. பையப் பிரி. நீ வெட்டினாதான் கோணாம வரும்."

சவரியம்மாள் வாங்கினாள். சுருக்குக் கயிற்றை உருவிவிட்டு, செல்லாயி போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு வெட்டினாள். இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டியபோது ஓட்டைக்குச் சரியாக ஒரு நூல் குறைந்தது. ஓரத்தை இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். ஓல்கா, யூமி, பிறகு சவரியம்மாள். கடைசியில் ஊசியில் புது நூலைக் கோத்து அவள் கிர்ஸ்டன் அம்மாளிடம் கொடுத்தாள். கண் மங்கிய இந்த மூன்று வருஷமாக அவருக்கு நூல் கோத்துக் கொடுப்பது அவள்தான். அவர் வாங்கிக்கொண்டு, தடவித் தடவி நாலு தையல் போட்டார்.

*

சந்திலிருந்து வெளியே வரும்போது ஜனம் கோயிலை நோக்கி அலைமோதிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே வழி விட்டார்கள். சாக்கடைக் கல்லில் சக்கரம் மாட்டிக்கொண்டபோது, விபூதி பூசிய இரண்டு பேர் நாற்காலியை அலாக்காகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். கிர்ஸ்டன் அம்மாள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, இடைவெளி விடாமல், நெற்றியில் சிலுவையும் இட்டுக்கொண்டார்.

காரில் ஏற்றிவிட்டார்கள். ஓல்கா வாய்விட்டு அழுதாள். யூமி குனிந்து குனிந்து வணங்கினாள். சவரியம்மாள் போர்வையை அந்த அம்மாளின் மடியில் சரிசெய்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

கிர்ஸ்டன் அம்மாள் கவுன் பையிலிருந்த காகிதக் கட்டை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"இது இனிமே எனக்கு வேணாம்" என்றார். "நவம்பர் ரெண்டாந்தேதி, கல்லறைத் திருநாளுக்கு, ஓலேக்கு மெழுகுவத்தி ஏத்து. மறந்துடாத."

"மறக்க மாட்டேம்மா."

கார் நகர்ந்தது. கூட்டத்துக்குள் நத்தைபோல ஊர்ந்து, வளைவில் திரும்பி மறைந்தது. அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை.

கடலூர் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சவரியம்மாள் மடியில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு காகிதங்களைப் புரட்டினாள். சாவி, மாத்திரை, கேஸ். கடைசித் தாளில் இன்றைக்கு எழுத ஆரம்பித்தது இருந்தது. 'பாதாம்' என்று மட்டும் எழுதி, மேலே எழுதாமல் நின்றிருந்தது.

கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்த பாதாமை எடுத்து வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது, செம்மங்குப்பம் தாண்டியது. செல்லாயிக்கு எந்தத் துணியில் பை தைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். நீல வாயில் புடவையில் மிச்சம் இருந்தது. ஊர் வந்து இறங்குகிறவரை அவள் அந்தப் பாதாமைக் கடிக்கவில்லை.